உதவி: மனைவி

எங்கள் துறையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவிகள் நாட்டுப்புறவியல் தாளுக்காக எழுதித்தந்த கள ஆய்வு அறிக்கைகள் ஆண்டுவாரியாக அதற்குள் கிடக்கின்றன. தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் மட்டும் அலமாரியின் சாவியைத் தேடுவோம். அப்படித் திறந்த ஒரு நாளில், தூசி தட்டுகிற சாக்கில், பன்னிரண்டு ஆண்டு அறிக்கைகளை வரிசையாகப் படித்தேன்.

படப்பையைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்துக்குத்தான் பெரும்பாலும் மாணவிகளை அழைத்துப்போவேன். தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் அந்த ஊரைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம். மண்பாண்டம் செய்யும் குடும்பங்கள் சில அங்கே இன்னும் இருக்கின்றன. அறிக்கைகளின் முதல் பக்கத்தில் 'தகவலாளர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளிலும் அந்தக் கட்டத்தில் ஆண்களின் பெயர்கள். ஒட்டியிருந்த புகைப்படங்களிலும் சக்கரத்தின் முன் குந்தியிருக்கும் ஆண்கள். ஈரமண் அவர்கள் விரலிடுக்கில் எழும்புகிறது. மாணவிகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சில படங்களின் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு, ஒரு முழங்கை, தலைச்சுமையோடு போகிற ஒரு முதுகு. பெரும்பாலான படங்களை எடுத்தது நான்.

ஒரே ஒரு மாணவி, கட்டத்துக்கு வெளியே பென்சிலால் 'உதவி: மனைவி' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 'தேவையற்றது' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான். எப்போது அடித்தேன், ஏன் அடித்தேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. நாற்பது தாள் திருத்தும் இரவில் கை தானாகச் செய்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மாணவிகள் இல்லாமல், பேருந்து பிடித்து நான் மட்டும் போனேன்.

"வழக்கமா பசங்களோட வருவீங்களே டீச்சர், இன்னா தனியா?" என்றார் அந்த அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன், ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கணவர் ஊரில் இல்லை. "அவரு இல்லியே, யாரு ஒங்களுக்கு வெவரம் சொல்றது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

விவரம் சொன்னது அவர்தான். முதலில் மண். ஏரியில் எடுத்த களிமண்ணைக் கொண்டுவந்து காயப்போட்டு, கட்டிகளைத் தடியால் உடைத்து, கல் பொறுக்கிச் சலிக்க வேண்டும். கடுகளவு கல் தங்கினாலும் சூளையில் பானை வெடித்துவிடும். ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்து, கையால் பிசைந்து, புட்டு உருண்டை போல உருட்டிச் சக்கரத்தின் அருகே வைப்பதுவரை இவர் வேலை. பிறகு கணவர் சக்கரத்தில் உட்காருவார். வாய், கழுத்து, தோள் எல்லாம் கண்ணெதிரே உருவாகும். நாங்கள் வியந்து படமெடுப்பது அந்தச் சில நிமிடங்களை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை. சுவர் தடித்து, அடி திறந்து, ஒரு வளையம் போலத்தான் அது இறங்குகிறது. பாதி காய்ந்ததும் அந்த அம்மா மடியில் வைத்துக்கொள்கிறார். உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல், வெளியே மறு கையில் மரப்பலகை. தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, வயிறு உருள்கிறது, அடி மூடிக்கொள்கிறது. பானைக்கு ஓசை வருவதே அப்போதுதான் என்றார்.

அதன்பின் செம்மண் காவி பூசுவது, நிழலில் கொஞ்சமும் வெயிலில் கொஞ்சமுமாகக் காயவைப்பது, வைக்கோலும் வறட்டியும் தென்னை மட்டையும் சேர்த்துச் சூளை அடுக்குவது, மேலே சேறு பூசி மூடுவது, இரவெல்லாம் கண் விழித்திருப்பது, ஆறியதும் பிரிப்பது, விரிசல் விட்டதை ஒதுக்குவது. கூடையில் சுமந்து விற்றுவருவதும் முன்பெல்லாம் இவர்தான். "மொடிச்சூரு, வரதராசபுரம் வரைக்கும் நடந்தே போவன். இப்ப அங்கெல்லாம் ஃபிளாட்டு. யாரு பானை வாங்கறா?" இப்போது பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் மட்டும்தான் பெரிய வரும்படி.

"சக்கரத்துல எவ்ளோ நேரம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு பானைக்கு அஞ்சு நிமிசம்."

"நீங்க சுத்தியிருக்கீங்களா?"

சிரித்தார். "அது சாமி டீச்சர். பொம்பளைங்க தொடக்கூடாது."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தெரியும்."

மாதவிலக்குத் தீட்டைச் சொல்லிப் பெண்களைச் சக்கரத்திலிருந்து விலக்கிவைப்பது இந்த ஒரு கிராமத்து வழக்கம் இல்லை. இந்தியாவின் பெரும்பகுதியில் குயவர் குடும்பங்களில் இருப்பதுதான். தட்டுவது, பூசுவது, சுமப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் தீட்டில்லாத உடம்பு, சுழலும் வட்டத்தின் முன் மட்டும் தீட்டாகிவிடுகிறது. சக்கரத்தில் உட்காருபவர் குயவர், கைவினைஞர், சில சமயம் கலைஞர். மற்றவர் உதவி.

நான் தமிழ் படித்தவள் என்பதால் ஏட்டில் தேடினேன். வெண்ணிக் குயத்தியாரை ஆண்டுதோறும் நடத்துகிறேன். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அவருடையது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேராக, உன்னிடம் தோற்று முதுகில் புண்பட்டதற்காக நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிற பாட்டு. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் சேர்ந்ததுதான் புலவர் பெயராக நமக்குக் கிடைத்திருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் கிடைக்கவில்லை. ஒருமுறை முதல் வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "அவங்க பானை செஞ்சாங்களா மேடம்?" குலப்பெயர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பானை செய்தாரா என்பது அன்று எனக்கு இலக்கியக் கேள்வியாகப் படவில்லை.

சங்கப் பாடல்களில் பானை செய்பவர் வருமிடங்களைத் தேடினால் வேறொன்று தெரிகிறது. கோவூர் கிழார் புறம் 32இல் சோழனின் எண்ணப்படியே நாடு உருவாகும் என்பதற்கு, வேட்கோச் சிறார் சக்கரத்தில் வைத்த பச்சைமண்ணை உவமை சொல்கிறார். நற்றிணை 200இல் நொச்சிமாலை சூடிய முதிய குயவர் அகன்ற தெருவில் திருவிழாவை அறிவித்துக்கொண்டு போகிறார். கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்து, இவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி எப்படிச் செய்யப்போகிறாய் என்று இரங்குகிறார் (புறம் 228). புறம் 256இல் பேசுவது ஒரு பெண். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லிபோலக் கணவனோடு வழியெல்லாம் கடந்து வந்தவள். அவன் இறந்துவிட்டான். தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவனை வேண்டுகிறாள். பாடியவர் பெயர் தெரியாத பாட்டு. சக்கரத்தில் ஒட்டிய பல்லி என்ற உவமையை முன்பெல்லாம் காதலின் உச்சம் என்று நடத்துவேன். இப்போது அந்தச் சக்கரத்தைத் தாண்டிப்போக முடியவில்லை.

இந்தப் பாடல்களில் மண்ணை வனைகிற தொழிலாளியாக விளிக்கப்படுபவர் ஆண். குயத்தி என்ற சொல்லை நமக்குத் தந்தவரோ போரைப் பாடினார், பானையைப் பாடவில்லை.

தாழி என்றதும் எங்கள் பகுதிப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்து பல்லாவரம். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தது அங்கேதான். அந்தக் கற்கோடரியைப் பள்ளிப் புத்தகம் சொல்லிவிடுகிறது. 1880களில் அலெக்சாண்டர் ரீ அதே பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் கண்ட சுடுமண் ஈமப்பேழையை அவ்வளவாகச் சொல்வதில்லை. வரிசையாகக் கால்கள் வைத்த நீளமான தொட்டி அது. செங்கல்பட்டு வட்டாரத்துப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் இவ்வகைப் பேழைகள் ஏராளம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இவ்வகைப் பேழைகளைப் பார்க்கலாம்.

மாணவிகளோடு அந்தப் பேழைகளின் முன் நின்றிருக்கிறேன். பெருங்கற்கால மக்கள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்பு என்று குறிப்பு சொல்லியிருக்கிறேன். படப்பை அம்மாவின் மடியில் பானையைப் பார்த்த பிறகு போனபோது வேறு கண். ஆளுயர நீளத் தொட்டி சக்கரத்தில் வராது. சக்கரம் தருவது வட்டத்தை. நீளமான ஒன்றைச் செய்ய மண்ணைத் திரித்து அடுக்க வேண்டும், பலகையாகத் தட்டி ஒட்ட வேண்டும், கால்களைப் பொருத்த வேண்டும், உலரும்போது விரியாமல் காவல் காக்க வேண்டும். இன்று 'உதவி' என்ற சொல்லுக்குள் போட்டுவைத்திருக்கும் வேலைகள்தாம் அத்தனையும். அவற்றைச் செய்தவர் ஆண் என்று எழுத எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் காட்சிக்குறிப்பு எழுதும் கை 'குயவன்' என்றே எழுதப் பழகியிருக்கிறது. என் கையும்தான்.

பெண்ணுக்குச் சக்கரம் ஆகாது என்பது இயற்கை விதி என்று யாராவது சொன்னால் நீலகிரியைக் காட்டலாம். கோத்தர் சமூகத்தில் இரும்பு வேலையும் மரவேலையும் இசையும் ஆண்களுடையவை, பானை வனைவது பெண்களுடையது. மணிப்பூரின் தோங்ஜாவ் கிராமத்துப் பெண்கள் சக்கரமே இல்லாமல், பானையைச் சுற்றித் தாங்களே நடந்து வனைகிறார்கள். அவ்வூரின் நீலமணி தேவிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நைஜீரியாவில் இருபது நைரா நோட்டின் பின்பக்கத்தில் இருப்பவர் லாடி குவாலி, பானை வனைந்த பெண். ஒரு நாட்டின் பணத்தாளில் குயத்தி இருக்கிறார் என்று வகுப்பில் சொன்னபோது மாணவிகள் செல்போனை எடுத்துத் தேடினார்கள். நம்பவில்லை போலும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்கும் (1996இல் திறக்கப்பட்டது) மாணவிகளை அழைத்துப்போவதுண்டு. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து மறுபடி எழுப்பிய இடம். அங்கே வருகிற பிள்ளைகள் சக்கரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். என் மாணவிகள் வரிசையில் நின்று உட்கார்ந்தார்கள், கோணலாக ஒரு கிண்ணம் செய்தார்கள், சேறு படிந்த கையோடு படமெடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் தீட்டுப் பேச்சு வரவில்லை. அது நல்லதுதான். குயவர் வீட்டில் பிறக்காத பெண் அரை மணி நேரத்துக்குத் தொடுகிறாள், அந்த வீட்டிலேயே வாழ்கிற பெண் ஆயுள் முழுதும் தொடுவதில்லை என்பதை மட்டும் திரும்பிவரும் பேருந்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பாட்டுப் போடவில்லை.

குன்றத்தூர் எங்களுக்குப் பக்கம். சேக்கிழார் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பெரியபுராணத்தில் தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்ட நாயனார் வருகிறார். அடியார்களுக்கு ஓடு செய்து கொடுப்பவர். ஒருநாள் பரத்தையிடம் போய்வந்த கணவரை, இறைவன் பெயரால் ஆணையிட்டு, 'எம்மை'த் தீண்டக்கூடாது என்கிறார் மனைவி. 'என்னை' என்று சொல்லாமல் 'எம்மை' என்று பன்மையில் சொன்னதால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று நாயனார் உறுதிகொள்கிறார். வெளியார் அறியாமல் ஒரே வீட்டில் இருவரும் முதுமைவரை வாழ்கிறார்கள். கடைசியில் குளத்தில் மனைவியின் கைபற்றி மூழ்கிச் சத்தியம் செய்யச் சொல்லும்போதுகூட, ஒரு கழியின் இரு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

கணவரின் பக்தியைச் சொல்லும் கதையாகத்தான் இதைப் படிக்கவைக்கிறார்கள். கதையை நகர்த்துவது ஒரு பெண் சொன்ன ஒரு சொல். 'தொடாதே' என்று குயவர் வீட்டுப் பெண் சொல்லி, ஆண் கட்டுப்படுகிற அரிய இடம் அது. அந்தப் பெண்ணுக்குச் சேக்கிழார் பெயர் வைக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நானும் பெயர் எழுதாதவள்தானே.

அதே குன்றத்தூரில் 2025 ஏப்ரலில் தமிழக அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்துக்கு மாற்று என்று சொல்லப்பட்டது. விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களை எடுத்துக்கொண்டு, பரம்பரைத் தொழில் என்ற சட்டகத்துக்குள் பயிற்சியும் கருவிக்கு 15,000 ரூபாயும் கடனும் தருகிறது. அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டிவைக்கும் குலக்கல்வி வாடை இதில் இருக்கிறது என்ற எதிர்ப்பு தமிழ்நாட்டில் எழுந்தது சரியே. மாநிலத் திட்டம் 35 வயது நிரம்பியவர்களுக்கு, குலம் பார்க்காமல்.

இந்தச் சண்டையில் பெரிதாகப் பேசப்படாத விதி ஒன்று விஸ்வகர்மா திட்டத்தில் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பதிவு செய்யலாம். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஒரு சக்கரம் இருக்கிற வீட்டில் அந்த ஒரு பெயர் யாருடையதாக இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. மண் மிதித்து, தட்டி, சுட்டு, சுமந்த பெண் அரசின் கணக்கில் கைவினைஞர் ஆகமாட்டார். அந்தப் பெயரில்தான் கடன் வரும், பயிற்சி நாளுக்கான படி வரும், அடையாள அட்டை வரும். கணவர் இறந்துபோனால், நாற்பது ஆண்டு மண் அறிந்த பெண் புதிதாக வந்தவளைப் போலத் தன்னை நிரூபிக்க வேண்டும். என் அறிக்கைகளின் தகவலாளர் கட்டத்துக்கும் இந்த விண்ணப்பப் படிவத்துக்கும் அதிக தூரமில்லை.

காதி கிராமத் தொழில் ஆணையம் 2018இலிருந்து குயவர்களுக்கு மின்சாரச் சக்கரம் வழங்கிவருகிறது. கோல் போட்டுச் சுழற்றும் பாரச் சக்கரத்துக்குப் பெண்ணின் தோள்வலு போதாது என்ற சாக்கு இதோடு போய்விட்டது. பொத்தானுக்குத் தீட்டு உண்டா என்று இனிமேல்தான் முடிவாக வேண்டும்.

படப்பை அம்மாவுக்கு ஒரு மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. விடியற்காலை கம்பெனி பேருந்து வந்து கூட்டிப்போகிறது. "அவ மண்ணத் தொடவே வேணாம். நான் தொட்டது போதும்" என்றார். எனக்கு இதில் வருத்தம் இல்லை. கலை அழிகிறதே என்று தாம்பரத்துக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து புலம்பும் கூட்டத்தில் சேர விருப்பமும் இல்லை. மகள் போகட்டும். ஆனால் அம்மா செய்தது என்ன என்பதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 'உதவி' அந்தப் பெயர் இல்லை.

கிளம்புகிற நேரத்தில், நான் கேட்காமலே சொன்னார். ஒரு வருடம் கார்த்திகைக்கு முன்னால் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மூட்டெல்லாம் வீங்கிக் கை மடங்கவில்லை. முன்பணம் வாங்கிய அகல் விளக்குகள் பாக்கி. மைத்துனரைக் கூப்பிட்டால் பாதிப் பங்கு கேட்பார். மகளைத் தூங்கவைத்துவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, குளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். மூன்று ராத்திரி. "மொத நாளு ஒண்ணும் நிக்கல டீச்சர். கை ஆடிச்சு. ரெண்டாம் நாளு மண்ணு பேச்சு கேட்டுச்சு." காலையில் வந்து பார்த்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இதுவரை அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

"அப்புறம் சுத்தவே இல்லியா?"

"அப்புறம் அவருக்குத்தான் நல்லாயிடுச்சே" என்றார்.

இந்த ஆண்டு கள ஆய்வுப் படிவத்தை மாற்றியிருக்கிறேன். 'தகவலாளர் பெயர்' என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, மண் எடுப்பவர், மிதிப்பவர், வனைபவர், தட்டுபவர், பூசுபவர், சுடுபவர், விற்பவர், பணம் வாங்குபவர் என்று வரிசை போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன். 'உதவி: மனைவி' என்று எழுதிய மாணவியின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். "அப்படியா எழுதியிருந்தேன் மேடம்? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

மாணவிகளோடு மறுபடி போனபோது அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, எட்டில் ஆறு வரிசைக்குத் தன் பெயரைச் சொன்னார். வனைபவர் என்ற வரிசை வந்ததும் என்னைப் பார்த்தார். அங்கே கணவர் பெயரைச் சொன்னார். படிவம் துறை அலமாரியில் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, "எழுதிக்கோங்க டீச்சர். பேர மட்டும் போடாதீங்க, ஊர் பேரும் வேணாம். அந்த மூணு ராத்திரி விசயம் கீது பாருங்க" என்றார்.